ஆறு மணிக்கு மேல் அரிதாரம்!

சாயங்காலம் ஆறு மணிக்கு சேலம் அஸ்தம்பட்டி ரவுண்டானா பக்கம் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஆபீஸ் விட்டு வருகிற அத்தனை முகங்களும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். கையில் காலி டிபன் பாக்ஸ். கண்ணில், ‘தட்டுவடை செட் சாப்பிட்டுட்டுப் போலாமா, வேண்டாமா’ என்கிற மாபெரும் தத்துவ விசாரம்.

அந்தக் கும்பலில் ஒருத்தன் மட்டும் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு, திடீரென்று யாரையோ அடிக்கிற மாதிரி கையை ஓங்கி, உடனே கீழே இறக்கிக்கொண்டு நடந்தால் பயந்துவிடாதீர்கள். அது அடியேன்தான். பி.காம். பட்டதாரி. பகலில் கணக்கு, ராத்திரியில் நாடக ரிகர்சல், ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படிப் பத்திரிகை எழுத்து!

“ஏங்க... ஆத்துல ஒரு காலு, சேத்துல ஒரு காலுன்னு எத்தனை நாளைக்குத்தான் நிப்பீங்க?” என்று என் வீட்டம்மா கேட்காத வாரம் கிடையாது.

நியாயமான கேள்வி. ஆனால் அப்படி நின்றவர்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தால், தமிழ் நாடகமும் சினிமாவும் பாதி அந்தக் கால்களில்தான் நின்றிருக்கிறது!

ஆபீஸ் மாதிரி ஒரு ஸ்டுடியோ

முதலில் நம்ம ஊர்க் கதை. அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு போகிற ரோட்டில் ஒரு பழைய நுழைவு வளைவு நிற்கிறது. ‘மாடர்ன் தியேட்டர்ஸ்’. உள்ளே ஸ்டுடியோ இல்லை, வளைவு மட்டும்தான் மிச்சம். பஸ்ஸில் போகிற புதுமணத் தம்பதிகள் அதைத் தாண்டித்தான் ஏற்காட்டுக்குக் குளிர் தேடிப் போகிறார்கள்.

அந்த ஸ்டுடியோவைக் கட்டியவர் டி.ஆர்.சுந்தரம். இங்கிலாந்தில் லீட்ஸுக்குப் போய் ஜவுளித் தொழில் படித்துவிட்டு வந்தவர். நூல் நூற்றிருக்க வேண்டியவர், படம் பிடிக்க வந்துவிட்டார். 1937-ல் ‘சதி அகல்யா’. மறு வருஷமே மலையாளத்தின் முதல் பேசும் படம் ‘பாலன்’. 1956-ல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’... முழுக்க முழுக்க வண்ணத்தில். நூறு படங்களுக்கு மேல் தந்த கம்பெனி அது.

அங்கே கலைஞர்களுக்கும் டெக்னீஷியன்களுக்கும் மாதச் சம்பளம். நேரத்துக்கு வர வேண்டும், சொன்ன நாளில் முடிக்க வேண்டும். சுந்தரத்தின் கண்டிப்பு அந்த நாளில் பிரசித்தம். அதாவது, சேலத்தில் கலையே ஓர் ஆபீஸாகத்தான் நடந்திருக்கிறது! ‘ஆபீஸ் புத்தி இருந்தா கலை வராது சார்’ என்று யாராவது டீக்கடையில் சொன்னால், அந்த வளைவு பக்கமாகக் கையைக் காட்டுங்கள்.

ஏ.ஜி. ஆபீஸ் குமாஸ்தா

இந்த ரெட்டை வாழ்க்கைக்குத் தலைமகன் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால், அது கே.பாலசந்தர்தான்.

நன்னிலம் பக்கத்துக்காரர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தார். 1949-ல் பட்டம் வாங்கி, முத்துப்பேட்டையில் கொஞ்ச காலம் பள்ளிக்கூட வாத்தியார். 1950-ல் சென்னைக்கு வந்து ஏ.ஜி. ஆபீஸில் சேர்ந்தார். அக்கவுன்டன்ட் ஜெனரல் அலுவலகம். ஃபைல், நோட், ஆடிட் என்று வறண்ட சமாசாரம். அதில் படிப்படியாக ஏறி சூப்பரின்டெண்டென்ட் ஆனார்.

அந்த மனிதர்தான் ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரத்தில் ‘மேஜர் சந்திரகாந்த்’, ‘சர்வர் சுந்தரம்’, ‘நீர்க்குமிழி’, ‘மெழுகுவர்த்தி’ என்று வரிசையாக நாடகம் போட்டார். ‘மேஜர் சந்திரகாந்த்’தை முதலில் அவர் எழுதியது ஆங்கிலத்தில்! தமிழில் படமாவதற்கு முன்பே அது இந்திக்குப் போய் 1965-ல் ‘ஊஞ்சே லோக்’ என்று வெளிவந்துவிட்டது. தமிழ்ப் படம் 1966-ல்தான். அந்த மேஜர் வேடம் போட்ட சுந்தரராஜனுக்குக் கடைசி வரை ‘மேஜர்’ பட்டம் போகவேயில்லை. ராணுவத்தில்கூட இவ்வளவு சீக்கிரம் பதவி உயர்வு கிடைக்காது!

எம்.ஜி.ஆர். படமான ‘தெய்வத்தாய்’க்கு (1964) வசனம் எழுதக் கூப்பிட்டபோது பாலசந்தர் துள்ளிக் குதித்து ராஜினாமா எழுதவில்லை. தயங்கினார். மேடை போதும் என்கிற எண்ணம். கூட இருந்தவர்கள்தான் வற்புறுத்தி அனுப்பினார்கள். 1965-ல் ‘நீர்க்குமிழி’ மூலம் டைரக்டர் ஆனார். அதற்குள் ஃபைல்களோடு ஏறக்குறைய பதினைந்து வருஷம் குடித்தனம் நடத்திவிட்டார்.

எனக்குத் தோன்றுகிற ஒரு விஷயம்... அந்த நாடகங்களின் உருவமே ஆபீஸ்காரனின் வசதிக்கு வெட்டித் தைத்த சட்டை மாதிரி இருக்கும். ‘நீர்க்குமிழி’ ஓர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கிறது. அடிக்கடி மாற்ற வேண்டிய சீன் கிடையாது, ராஜா வேஷம் கிடையாது, நகை வாடகை கிடையாது. நாளைக்குக் காலையில் ஆபீஸுக்குப் போயாக வேண்டியவர்கள் சேர்ந்து போடுகிற நாடகத்துக்கு வேறென்ன வேண்டும்? வசனமும் கதாபாத்திரமும் வலுவாக இருந்தால் போதும். நேரமில்லையே, காசில்லையே என்று நாம் புலம்புகிற குறைகளே அங்கே பாணியாகிவிட்டன.

‘சர்வர் சுந்தரம்’ இன்னும் விசேஷம். ஹோட்டலில் வேலை பார்த்தபடி சினிமாக் கனவு காண்கிறவன் கதை. எழுதியவர் ஏ.ஜி. ஆபீஸ்காரர். நடித்த நாகேஷ், தாராபுரத்துக்காரர், ரயில்வே குமாஸ்தாவாக இருந்தவர். ரயில்வே ஊழியர்கள் போட்ட நாடகத்தில் வயிற்றுவலிக்காரராக அவர் துடித்த துடிப்பைப் பார்த்துத்தான் எம்.ஜி.ஆர். மேடையில் தனியாகப் பாராட்டினார். வேலையில் இருந்துகொண்டே வேறு ஒன்றுக்கு ஏங்குவது எப்படி என்று இந்த இரண்டு பேருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது!

சம்பளப் பட்டியலில் இருந்த கலைஞர்கள்

இன்னும் சிலரைப் பாருங்கள்.

பூர்ணம் விஸ்வநாதன் அகில இந்திய வானொலியில் செய்தி வாசித்தவர். அவர் குழுவுக்கு ‘கடவுள் வந்திருந்தார்’ மாதிரி நாடகங்கள் எழுதித் தந்த சுஜாதா, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் என்ஜினீயர். டெல்லி கணேஷ் விமானப்படையில் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர். கிரேஸி மோகன் கிண்டியில் மெக்கானிக்கல் என்ஜினீயரிங் படித்து, சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்தவர். எஸ்.வி.சேகருக்காக 1976-ல் அவர் எழுதிய ‘கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ நாடகம்தான் அவருக்கு அந்த அடைமொழியைத் தந்தது. அவருடைய ‘மேரேஜ் மேட் இன் சலூன்’ நாடகத்தை 1983-ல் ‘பொய்க்கால் குதிரை’ என்று படமாக்கியவர் யார் தெரியுமா? பழைய ஏ.ஜி. ஆபீஸ்காரர்தான்!

‘குமாஸ்தா, என்ஜினீயர் சரி... பெரிய பதவியில் இருந்தால் முடியுமா?’ என்று கேட்கிறவர்களுக்கு ஞான ராஜசேகரன் இருக்கிறார். கேரளாவில் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர். பதவியில் இருந்தபடியே தி.ஜானகிராமனின் ‘மோகமுள்’ளைப் படமாக்கி, அறிமுக இயக்குநருக்கான தேசிய விருது வாங்கினார். 2000-ல் ‘பாரதி’. அதற்கும் தேசிய விருது. நம்ம ஆபீஸில் அரை நாள் லீவுக்கு ஆறு பொய் சொல்ல வேண்டியிருக்கிறது!

ஒன்பதால் வகுபடுமா?

இதையெல்லாம் படித்துப் படித்து எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்த காலம். ஒரு மாசக் கடைசி. மறுநாள் எங்கள் குழுவின் நாடகம். கம்ப்யூட்டரில் ரசீதுகளைப் பதிந்துகொண்டிருந்தேன். விரல் கீ-போர்டில், வாய் மூன்றாவது சீனில். ஆறு அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு ரிகர்சலுக்கு ஓடிவிட்டேன்.

மறுநாள் காலையில்தான் தெரிந்தது. முதல் நாள் ராத்திரி கணக்குக்கும் கையிருப்புக்கும் ரூ.2,700 உதைத்திருக்கிறது. கணக்கில் இருக்கிறது, பெட்டியில் இல்லை!

கேஷியர் அண்ணனுக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு மூணே மாசம். முப்பது வருஷம் ஒத்தைப் பைசா குறையாமல் வைத்திருந்தவர். மேனேஜர் ஒரு மாதிரி பார்த்திருக்கிறார். கூட இருந்த பையன் ஒருத்தன் சிரித்திருக்கிறான். அண்ணன் தனியாக ஒன்பதரை மணி வரை உட்கார்ந்து ஒவ்வொரு ரசீதாகப் புரட்டியிருக்கிறார். கடைசியில் கிடைத்தது. 3,600 என்பதை 6,300 என்று அடித்திருந்தான் ஒரு மகா நடிகன்!

நான் போனதும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“தம்பி, வித்தியாசம் ஒம்போதுல மிச்சமில்லாம வகுபட்டா, நம்பர் எடம் மாறியிருக்கலாம்னு தேடணும். பி.காம்ல சொல்லித் தரலீங்களா?”

“அண்ணா... மன்னிச்சிருங்க...”

“பரவால்லீங்க. யாரு போட்டதுன்னு நான் மேனேஜர்கிட்ட சொல்லல. நாடகம் போடுங்க, வேண்டாங்கல. ஆனா என் கல்லாவுல போடாதீங்க!”

அன்றைக்கு ராத்திரி மேடையில் எனக்குக் கைதட்டல் கிடைத்தது. காதில் விழவில்லை.

அதற்கு முன்னால், மேடைக்கும் ஆபீஸுக்கும் நடுவில் நான்தான் கஷ்டப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கஷ்டத்தில் பாதியைப் பக்கத்து சீட்டுக்காரர் சுமக்கிறார். இன்னொரு பாதியை, எட்டரை மணிக்கு ஆறிப்போன தோசையோடு காத்திருக்கிற வீட்டுக்காரி சுமக்கிறாள். கைதட்டல் மட்டும் நமக்கு. வரவு ஒருத்தர் பேரில், பற்று இன்னொருத்தர் பேரில் எழுதினால் எந்த ஆடிட்டர் ஒப்புக்கொள்வார்?

ரெட்டை வாழ்க்கைக்காரர்களுக்கு...

அதனால் இளைஞர்களே, அனுபவப்பட்டவன் சொல்கிறேன்.

சம்பளத்தைக் கேவலமாக நினைக்காதீர்கள். பிடிக்காத கதைக்கு ‘முடியாது சார்’ என்று சொல்லும் தைரியத்தை, ஒண்ணாம் தேதி வருகிற அந்தப் பணம்தான் தருகிறது.

வேலையை விடுவதென்றால் வாய்ப்பு வீடு தேடி வந்த பிறகு விடுங்கள். ராஜினாமா செய்துவிட்டு வாய்ப்பைத் தேடிப் போன என் சிநேகிதன் ஒருவன், மூணு வருஷம் சென்னையில் மேன்ஷன் வாடகைக்கு அலைந்ததுதான் மிச்சம். கதை எழுத அவனுக்கு நேரமே கிடைக்கவில்லை!

இன்றைக்கு சட்டைப் பையில் இருக்கிற போனிலேயே குறும்படம் எடுக்கலாம். அதற்கும் ஆபீஸையே கதைக்களமாக எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இல்லாத வில்லனா?

முக்கியமாக, நாடகத்துக்காக நீங்கள் விட்டுப்போகிற வேலை யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். இயர் எண்டிங்கில் அவருக்காக ஒரு நாள் உட்காருங்கள். நானும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன்... மாசத்தின் கடைசி வாரம் ரிகர்சல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு. குழுவில் முதலில் முறைத்தார்கள். இப்போது அவர்கள் வீட்டிலும் அதே சட்டம்!

கேஷியர் அண்ணன் ரிட்டயர் ஆகிவிட்டார். எங்கள் நாடகம் எங்கே நடந்தாலும் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். போன தடவை நாடகம் முடிந்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டே அவரிடம் போனேன்.

“எப்படிங்கண்ணா இருந்துச்சு?”

“நல்லாத்தான் இருந்துச்சுங்க தம்பி. ரெண்டாவது சீன்ல மட்டும் வசனம் எடம் மாறிப்போச்சு...” என்றவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்:

“ஒம்போதுல வகுத்துப் பாத்தீங்களா?”