பாட்டி இன்னும் பிறக்கவில்லையாம்!

போன ஏப்ரல் 2ஆம் தேதி. நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தேன். தாசேக் கெலுகோரிலிருந்து ஒரு பாட்டியின் அழைப்பு.

“தம்பி, நாளைக்குத்தானே என் பேத்திக்குப் பிறந்தநாள்? போன மாசமே வாழ்த்திட்டீங்கன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. பிள்ளை நாளைக்குப் பேர் வரும்னு காத்துக்கிட்டிருக்கு!”

தவறு என்னுடையதுதான். நேயர்கள் அனுப்பும் பட்டியலிலிருந்து அன்றைய பெயர்களை எடுக்க, ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தேன். பேத்தியின் பிறந்த தேதி 03/04/2015. நமக்கு அது ஏப்ரல் 3. நிரலோ அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் வைத்து, மார்ச் 4 என்று படித்துவிட்டது.

நாம் தட்டச்சு செய்யும் தேதி, கணினிக்கு வெறும் பத்து எழுத்துகள். அதைத் தேதியாக மாற்றினால்தான் வயதைக் கணக்கிடலாம், வரிசைப்படுத்தலாம். எப்படிப் படிக்க வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால், அது ஊகிக்கும்.

27/04 என்று வந்தால் 27ஆவது மாதம் இல்லாததால் பிழை என்று காட்டிவிடும். அவற்றை நான் கையால் திருத்திக்கொண்டிருந்தேன். நாள் 12க்குள் இருந்தால் சத்தமே வராது. ஆபத்து அங்கேதான்.

அன்றிரவே நிரலைப் பைத்தானில் மாற்றி எழுதினேன். அதிலுள்ள ‘ஸ்டிரிப்டைம்’ கட்டளையிடம் தேதியோடு, ‘நாள், மாதம், நான்கு இலக்க ஆண்டு’ என்று வரிசையையும் சொல்லிவிட வேண்டும். 31/02 போன்ற இல்லாத தேதியை அது ஏற்காது.

அதிலும் ஒரு பொறி உண்டு. நம் அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். ஆண்டுக்கு இரண்டே இலக்கம். பைத்தான் 69 முதல் 99 வரை 1900களாகவும், 00 முதல் 68 வரை 2000களாகவும் எடுத்துக்கொள்ளும். 1948இல் பிறந்த பாட்டிக்கு 2048 என்று வரும். அவர் இன்னும் பிறக்கவே இல்லை! வருகிற தேதி எதிர்காலமாக இருந்தால் நூறு ஆண்டைக் கழிக்கச் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கோ கோயிலுக்கோ பெயர்ப் பட்டியல் தயாரிக்கிறீர்களா? 2015-04-03 என்று ஆண்டை முதலில், முழுதாக எழுதுங்கள். ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தரமும் இதுதான்.

மறுநாள் காலை, முதல் வாழ்த்து அந்தப் பேத்திக்கு. இந்த முறை பாட்டி அழைத்தது நன்றி சொல்ல!