சாரம் கட்டியவன் ஓடும்போது

ரசிகர் ஒருவர், கணினியில் ஆடும் சுடும் விளையாட்டுக்காகத் தானே செய்த ஆளுருவத்தை மதிப்பிடச் சொன்னால், படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. அதை ஓடவிட வேண்டும். குந்தவைக்க வேண்டும். ஏணியில் ஏற்றி இறக்கி, துவக்குக்கு ரவை மாற்றவிட்டு, கடைசியில் சுட்டு விழுத்தியும் பார்க்க வேண்டும். கைகளை விரித்தபடி அசையாமல் நிற்கும்போது அசிங்கமாகத் தெரியும் மொடல் அரிது. பிழைகள் எல்லாம் அசைவில்தான் வெளியே வரும். நல்ல வெளிச்சத்தில் எடுத்த ஒரேயொரு படத்துக்குக் கிடைக்கும் பாராட்டு, அதைச் செய்த பிள்ளைக்கு எதையும் கற்றுக்கொடுப்பதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

மொடல் என்பது உள்ளே ஒன்றுமில்லாத ஒரு தோல். ஆயிரக்கணக்கான சிறு முக்கோணங்களை ஓரத்தோடு ஓரம் சேர்த்து மனித வடிவம் எடுப்பார்கள். அதற்குப் பெயர் மெஷ். அதன்மேல் நிறமும் துணியும் தோலும் வரைந்த படத்தைப் போர்த்துவார்கள். அது டெக்ஸ்சர். உள்ளே கண்ணுக்குத் தெரியாத எலும்புக்கூடு ஒன்றைப் பொருத்தி, முக்கோணங்களின் எந்த மூலைப் புள்ளி எந்த எலும்போடு போக வேண்டும் என்று கட்டுவார்கள். இந்தக் கட்டும் வேலையில்தான் கைதேர்ந்தவரும் புதியவரும் பிரிந்து தெரிவார்கள்.

எலும்பு ஆரம்பத்தில் இருக்கவில்லை. ஐடி சொஃப்ட்வெயார் நிறுவனம் 1997இல் வெளியிட்ட குவேக் 2 விளையாட்டில் ஓடுவது, பாய்வது, சாவது எல்லாவற்றுக்குமாக ஓர் ஆளுக்கு 198 நிலைகள். ஒவ்வொரு நிலையிலும் ஒவ்வொரு புள்ளியும் எங்கே இருக்கிறது என்று தனித்தனியே எழுதிவைத்திருப்பார்கள். கோப்பு பெருத்துவிடாமல் இருக்க, உயரம், அகலம், ஆழம் ஒவ்வொன்றையும் 256 படிகளுக்குள் அடக்கினார்கள். இரண்டு படிகளுக்கு இடையில் நிற்க வேண்டிய புள்ளி பக்கத்துப் படிக்குத் தாவும். அதனால் அந்தக் காலத்து வீரர்கள் சும்மா நின்றாலும் முகம் மெல்ல நெளிந்துகொண்டே இருக்கும். ஆனாலும் புதிய ஆளுருவத்தைச் செய்து 'பிளேயர்ஸ்' என்ற கோப்புறைக்குள் போட்டால் விளையாட்டு அதை ஏற்றுக்கொண்டது. உலகமெங்கும் ஏராளமான பெடியள் மொடல் செய்யப் பழகியது இந்த ஒரு வசதியால்தான்.

1999இல் வந்த குவேக் 3 அரீனா ஆளை மூன்று துண்டாக்கியது: தலை, உடல், கால். கால் ஒரு திசையில் ஓட உடல் இன்னொரு திசைக்குத் திரும்பிச் சுடும், தலை வேறெங்கோ பார்க்கும். எங்கள் முருகன் கோயில்களில் சூரன்போர் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சூரனின் உடல் ஒன்றுதான், தலைதான் மாறிக்கொண்டு வரும். கழுத்தில் தலை சொருகும் இடம் சரியாக இருந்தால் எந்தத் தலையும் பொருந்தும். குவேக் 3இல் அந்தச் சொருகும் இடத்துக்கு 'டாக்' என்று பெயர். அது ஒரு விரற்கடை விலகினாலும் தலை தோளைவிட்டுத் தனியே மிதக்கும்.

இதற்கு ஒரு வருடம் முன்னரே, 1998 நவம்பரில், வல்வ் நிறுவனத்தின் ஹாஃப் லைஃப் எலும்புக்கூட்டு முறையோடு வந்துவிட்டது. அடுத்த வருடம் கனடாவில் மின் லே, அமெரிக்காவில் ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு மாணவர்கள் அந்த விளையாட்டை மாற்றிச் செய்ததுதான் கவுன்டர் ஸ்ட்ரைக். ரசிகர்களின் வேலையாகத் தொடங்கியதை வல்வ் வாங்கி 2000 நவம்பரில் கடைக்கு விட்டது. அதன் ஆளுருவங்களைச் செய்ததும் மின் லேதான். பழைய கணினியிலும் தடங்கலின்றி ஓடும் என்பதால் அதன் 1.6 பதிப்பு எங்கள் ஊர்ப் பெடியளிடமும் நெடுங்காலம் நிலைத்தது. எங்கள் ஊர் மடத்துவெளியில் இருப்பவனும் ரொறொன்ரோவிலோ பாரிசிலோ வளரும் அவனுடைய மச்சானும் சந்தித்துக்கொள்ள அது ஓர் இடம்.

அந்த 1.6 பதிப்புக்குத்தான் என் மருமகன் ஒரு மொடல் செய்தான். சாரம் கட்டி, தலையில் துவாய் சுற்றிய தீவுக் கடற்றொழிலாளி. வெயிலில் கறுத்த தோள், உப்புப் பட்டு வெளுத்த சட்டை. நிற்க வைத்துப் பார்த்தால் குறிகட்டுவான் இறங்குதுறையில் நேற்றுப் பார்த்த ஆள்போல இருந்தான். ஓடவிட்டதும் சாரம் நடுவில் கிழிந்து, இரண்டு காலிலும் பாதிப் பாதியாக ஒட்டிக்கொண்டு ஓடியது.

“மாமா, ஏன் இப்பிடிக் கிழியுது? நான் ஒழுங்காத்தானே ஒட்டினனான்” என்றான்.

அவன் ஒட்டியதில் பிழையில்லை. கவுன்டர் ஸ்ட்ரைக் ஓடுவது ஹாஃப் லைஃப் எஞ்சினில். அதில் ஒரு புள்ளி ஒரேயொரு எலும்புக்குத்தான் கட்டுப்படும். களுசானுக்கு அது போதும், இடது கால் துணி இடது தொடை எலும்போடும் வலது கால் துணி வலது தொடை எலும்போடும் போய்விடும். சாரமோ இரண்டு காலையும் சுற்றிய ஒற்றைக் குழாய். நடுவில் உள்ள புள்ளி எந்தக் காலுக்குச் சொந்தம்? ஏதாவது ஒன்றைத் தெரிவுசெய்தே ஆக வேண்டும், தெரிவுசெய்தவுடன் பக்கத்துப் புள்ளி மற்றக் காலோடு போய்விடும். இடையில் உள்ள முக்கோணம் இழுபட்டு நார்போல நீளும். இந்த எலும்புக்கூடு களுசான் போட்ட உலகத்துக்காகச் செய்யப்பட்டது. எங்கள் உடுப்பை அதற்குள் கொண்டுபோகும் பிள்ளை மற்றவர்களைவிட ஒரு படி கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. மதிப்பிடுபவர் அந்த உழைப்பைக் கண்டுகொள்ள வேண்டும்.

வழி ஊரிலேயே இருந்தது. கடலுக்குப் போகிறவர்கள் சாரத்தை மடித்துத்தானே கட்டுகிறார்கள். முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டினால் குழாய் கட்டையாகிவிடும். முன்பக்கத்தில் துணியின் இரண்டு ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி மெஷ்ஷைப் பிரித்தான். இடது ஓரம் இடது தொடைக்கு, வலது ஓரம் வலது தொடைக்கு, முடிச்சுப் போட்ட இடுப்புப் பகுதி முழுவதும் இடுப்பெலும்புக்கு. இப்போது கால் விரிந்தால் துணி மடிப்பிலே திறக்கிறது. நிஜச் சாரமும் அப்படித்தான் திறக்கும். துணிக்குள் மறைந்திருக்கும் தொடையின் முக்கோணங்களை அழித்துவிட்டான். இல்லாத தொடை சாரத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வராது.

அடுத்தது டெக்ஸ்சர். தட்டையான படத்தை உருண்ட உடம்பில் போர்த்தும்போது சில இடத்தில் இழுபடும், சில இடத்தில் நெருங்கும். இதைக் கண்டுபிடிக்க மொடல் செய்பவர்கள் வழக்கமாகக் கறுப்பு வெள்ளைச் சதுரக் கட்டங்களை உடம்பு முழுக்க ஒட்டிப் பார்ப்பார்கள். கட்டம் எங்கே நீள்சதுரமாகிறதோ அங்கே வேலை பிழை. கட்டம்போட்ட சாரம் கட்டியவனுக்கு இந்தச் சோதனை உடுப்பிலேயே இருக்கிறது. மருமகனின் மொடலில் பின்பக்கத்துக் கட்டங்கள் முன்பக்கத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருந்ததை ஒரே பார்வையில் பிடிக்க முடிந்தது. 1.6 எஞ்சினில் ஒரு டெக்ஸ்சருக்கு 256 நிறம், 512க்கு 512 புள்ளி என்பது எல்லை. இந்தச் சிக்கனம் நல்ல ஆசிரியன். இன்றைய எஞ்சின்களுக்குச் செய்பவர்கள் சட்டைப் பொத்தானுக்கும் 4096க்கு 4096 படம் போடுகிறார்கள். சுருக்காமல் வைத்தால் அப்படி ஒரு படம் 64 மெகாபைட் நினைவகத்தைத் தின்னும். பத்துப் பேர் நிற்கும் களத்தில் பழைய மடிக்கணினி இதனாலேயே திணறும்.

மெஷ்ஷின் கோடுகளை மட்டும் காட்டும்படி வைத்துவிட்டு முழங்கையையும் முழங்காலையும் பார்க்க வேண்டும். மடியும் இடத்தைச் சுற்றி இரண்டு மூன்று வளையக் கோடுகளாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மடக்கும்போது முழங்கை தட்டையாகிவிடும். முகத்திலும் துவாய் மடிப்பிலும் முக்கோணங்களை அள்ளிக் கொட்டிவிட்டு மூட்டுகளில் கஞ்சத்தனம் பண்ணுவது புதியவர்கள் எல்லோரும் செய்வது. துவக்கைப் பிடித்திருக்கும் விரல்களையும் விடக்கூடாது. விரல் விசைக்கு வெளியே நின்றால் மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த ஆள் துவக்குப் பிடித்ததாகத் தோன்றாது.

சுடும் விளையாட்டு என்பதால் இன்னொரு கணக்கு இருக்கிறது, இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். குண்டு பட்டதா என்று விளையாட்டு பார்ப்பது நாம் காணும் உருவத்தில் அல்ல. எலும்புகளோடு கட்டிய, கண்ணுக்குத் தெரியாத பெட்டிகள் இருக்கின்றன. தலைக்கு ஒன்று, நெஞ்சுக்கு ஒன்று, வயிற்றுக்கு, கைகளுக்கு, கால்களுக்கு என்று. கவுன்டர் ஸ்ட்ரைக்கில் தலைப்பெட்டியில் பட்டால் சேதம் 4 மடங்கு, வயிற்றில் 1.25 மடங்கு, காலில் 0.75. இந்தப் பெட்டிகள் சேர்வரில் இருக்கும் மூல மொடலுக்குரியவை. ரசிகர் செய்த மொடல் அதைப் போட்டவரின் திரையில் மட்டும் தெரியும் உடுப்பு. ஆகவே தலையில் உயரமாகச் சுற்றிய துவாய்க்குச் சுட்டால் குண்டு காற்றில் போகும். நீளச் சாரத்தின் நடுவில் சுட்டாலும் அப்படித்தான், இரண்டு கால்பெட்டிகளுக்கும் இடையில் ஒன்றுமில்லை. சுட்டவன் திரையை நம்பிச் சுட்டான், விளையாட்டு அவனை ஏமாற்றிவிட்டது. உருவம் பெட்டிகளைவிட்டு எவ்வளவு வெளியே போகிறதோ மதிப்பீட்டில் அவ்வளவு புள்ளியைக் குறைக்க வேண்டும் என்பேன். மருமகன் துவாயை இறுக்கிச் சுற்றி, தலைப்பெட்டிக்குள் அடக்கினான்.

தன் திரையில் மட்டும் தெரியும் இந்த உடுப்பை வேண்டுமென்றே ஏமாற்றுக்குப் பயன்படுத்தியவர்களும் உண்டு. எதிராளியின் மொடலில் நீண்ட முட்களை முளைக்கவைத்து, அவை சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து ஒளிந்திருப்பவனைக் கண்டுபிடித்தார்கள். கண்ணைப் பறிக்கும் நிறத்தைப் பூசி இருட்டிலும் தெரியவைத்தார்கள். இதைத் தடுக்கத்தான் விளையாடுபவரின் கோப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டளைகள் சேர்வர்களுக்கு வந்தன. குவேக் 3இல் வேறொரு வழி இருந்தது. எல்லோரையும் ஒரே உருவத்தில் காட்டும்படி ஒருவர் தன் திரையில் வைத்துக்கொள்ளலாம். நேர்மையாகச் செய்த மொடலும் இந்தச் சந்தேகத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். அதனால் உருவம் முழுவதையும் கறுப்பாக்கித் தூரத்தில் வைத்துப் பாருங்கள். ஆள் எந்தப் பக்கத்தவன் என்று வடிவத்திலேயே தெரிய வேண்டும். 2007இல் வந்த டீம் ஃபோர்ட்ரெஸ் 2 விளையாட்டில் ஒன்பது வகை வீரர்களையும் நிழலுருவத்தாலேயே பிரித்தறியும்படி வரைந்திருந்தார்கள். மடித்துக் கட்டிய சாரத்தின் நிழல், சீருடை போட்ட எதிரணியிலிருந்து தெளிவாகப் பிரிந்து நின்றது. இதில் மருமகனுக்கு முழுப் புள்ளி. சாரத்தின் சிவப்பை மட்டும் கொஞ்சம் மங்கவைக்கச் சொன்னேன்.

எங்கள் தீவுப்பகுதி துவக்கை விளையாட்டில் மட்டும் கண்ட மண் அல்ல. 1990களின் தொடக்கத்தில் இங்கே யுத்தத்தால் ஊர் ஊராகச் சனம் எழும்பிப் போனது. உண்மையில் செத்துப்போன ஒருவரின் முகத்தையோ, இங்கே நடந்த யுத்தத்தின் சீருடையையோ எடுத்துச் சுட்டு விழுத்தும் பொம்மைக்கு ஒட்டினால், அந்த வேலை எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் நான் அதைத் திறந்து பார்க்க மாட்டேன். பெயரில்லாத ஒரு கடற்றொழிலாளியை மருமகன் தெரிவுசெய்தது எனக்கு நிம்மதியாக இருந்தது.

வேறு விளையாட்டிலிருந்து உருவி எடுத்த தலையையோ கையையோ ஒட்டிவிட்டுத் தன் வேலை என்று சொல்வது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கிறது. மொடலோடு வரும் குறிப்புக் கோப்பைத் திறந்தால் பாதிச் சங்கதி விளங்கிவிடும். மெஷ் யாருடையது, டெக்ஸ்சர் யாருடையது, அசைவு விளையாட்டின் மூலக் கோப்பிலிருந்து வந்ததா, யாரிடம் அனுமதி கேட்டது என்று அதில் இருக்க வேண்டும். கருவி வாங்கக் காசில்லை என்ற காரணம் இன்று இல்லை. 2002இல், ஏழு வாரத்தில் திரட்டிய 1,00,000 யூரோவால் பிளெண்டர் மென்பொருளின் உரிமை வாங்கப்பட்டு, அதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. பிளெண்டரில் ஒரு புள்ளி எலும்புக்குக் கட்டுப்படும் அளவை நிறமாகவே பார்க்கலாம். நீலம் என்றால் அந்த எலும்புக்கும் புள்ளிக்கும் தொடர்பில்லை, சிவப்பு என்றால் முழுதும் அதன் வசம்.

அடுத்து மருமகன் சேலை கட்டிய ஒரு பெண்ணைச் செய்யப்போகிறான். அதற்கு 1.6 எஞ்சின் சரிவராது, சேலையை மடித்துக் கட்டித் தப்ப முடியாது. வல்வ் 2004இல் கொண்டுவந்த சோர்ஸ் எஞ்சினுக்கு மாறச் சொல்லியிருக்கிறேன். அதில் ஒரு புள்ளியை மூன்று எலும்புகள்வரை பகிர்ந்துகொள்ளலாம், கொய்யகத்தின் நடுப்புள்ளி இடது தொடையில் பாதியும் வலது தொடையில் பாதியுமாகக் கட்டுப்பட்டு நடுவிலேயே நிற்கும். தானாக ஆடும் எலும்புகளும் அங்கே உண்டு. முந்தானைக்கு அப்படி மூன்று நான்கு எலும்புகளைத் தோளிலிருந்து வரிசையாகத் தொங்கவிட்டால், ஓடும்போது அது பின்னால் அலையும். துவக்கின் பின்கட்டையை வைக்கும் தோளுக்கும் முந்தானை விழும் தோளுக்கும் மோதல் வராமல் எந்தப் பக்கம் கட்டுவது என்பதை அவன் முதலில் தாளில் வரைந்து முடிவுசெய்ய வேண்டும்.