நழுவிய தோளும் காக்க வேண்டிய மூட்டும்

வடசென்னையில் உடலுழைப்பால் ஜீவிப்பவர்களின் மூலதனம் தோள்தான். காசிமேட்டில் விசைப்படகிலிருந்து மீன்கூடை இறக்குகிறவரோ, எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கிடையே வேலைக்கு விரைகிறவரோ தவறி விழுந்து தோள்மூட்டு விலகிவிட்டால், 'கை பிசகிக்கிச்சு' என்று சொல்லி, எண்ணெய் தடவி நீவிக்கொண்டோ, புத்தூர் கட்டுப் போட்டுக்கொண்டோ, அன்றாடக் கூலியை இழக்க இயலாமையால் மறுபடியும் வேலைக்குப் போய்விடுவது இப்பகுதியில் அபூர்வமன்று. அவர்களைப் பழிக்க நமக்கு மனம் வருவதில்லை. ஒரு நாள் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்று அடுப்பெரியாத வீடுகள் இங்கே பல உண்டு.

ஆனால் மூட்டு காத்திராது. சரீரத்தில் தோளைப்போல் எத்திசையும் சுழலும் மூட்டு வேறில்லை. அந்தச் சுதந்திரத்துக்கு விலையாகவே அதன் குழி ஆழமற்று, தட்டைப்போல் அமைந்திருக்கிறது. மேற்கை எலும்பின் தலை பெரும்பாலும் முன்புறமாகவே நழுவும். வலிப்பு, மின்சாரத் தாக்குதல் ஆகியவற்றாலோ அது பின்புறம் போய்விடக்கூடும்; முன்னிருந்து மட்டும் எடுத்த எக்ஸ்ரேயில் அது எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதே இதில் பெரிய அபாயம். எப்புறம் நழுவியிருந்தாலும், சரிசெய்யாமல் மூன்று வாரம் கடந்துவிட்டால் அதை நாட்பட்ட விலகல் என்கிறார்கள். அதற்குள் காலியான குழியில் தழும்புத் திசு நிரம்பிவிடுகிறது. குழியின் விளிம்பில் அழுந்திய எலும்புத்தலையில் பள்ளம் விழுகிறது. உபயோகமின்றி எலும்பும் மெலிகிறது. தோளின் உருட்சி குன்றி, தலைவாரவும் சட்டை மாட்டவும் கை எழாமற் போகிறது. இந்நிலையில் எவரேனும் பலவந்தமாக இழுத்து உட்காரவைக்க முயன்றால் எலும்பு முறியலாம். அக்குளில் ஓடும் பெரிய இரத்தக்குழாயே கிழியவும் கூடும்.

ஆகவே அறுவைச் சிகிச்சையே வழியாகிறது. தோளின் முன்புறத்தைத் திறந்து, தசைகளை விலக்கி, அக்குள் நரம்புக்கு ஊறு நேராதபடி காத்து, தழும்பைச் சிறிது சிறிதாக நீக்கிக் குழியை வெளிப்படுத்தும் அந்த வேலையில் நிபுணரின் பொறுமையே பிரதானம். பின்புற விலகலில் பள்ளம் நடுத்தரமாக இருந்தால், 1952-இல் நிபுணர் மெக்லாக்லின் விவரித்த முறைப்படி அருகிலுள்ள தசைநாரை அதில் பொருத்தலாம். பின்னாளில் அந்நாரை எலும்புத் துண்டுடனேயே பெயர்த்து வைக்கும் முறையும் வந்தது. முன்புற விலகலில் குழியின் விளிம்பு தேய்ந்திருந்தால், 1954-இல் பிரெஞ்சு நிபுணர் லதார்ஜே சொன்னபடி தோள்பட்டை எலும்பின் ஒரு முனையை எடுத்துத் திருகாணியால் அங்கே பதிக்கலாம். எலும்புத்தலையில் ஏறத்தாழப் பாதி அழிந்துவிட்டால் மாத்திரமே செயற்கை மூட்டைப் பற்றி யோசிப்பது வழக்கம். பாரம் தூக்கும் வாலிபனுக்குள் வைத்த உலோகம் காலப்போக்கில் தேயும், தளரும். ஆதலால் அவனுடைய சொந்த மூட்டு முழு அசைவையும் திரும்பத் தராவிடினும், அதைக் காப்பாற்றுவதே மேல் என்பது என் துணிபு. பிறகு மாதக்கணக்கில் செய்யவேண்டிய பயிற்சியை இடையில் விட்டாலோ, பட்ட பாடெல்லாம் வீணாகும்.

முதியோர் இன்றும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றழைக்கும் ஸ்டான்லி அரசு மருத்துவமனை, இராயபுரத்துக்கு அருகிலேயே இருக்கிறது. அங்கே எலும்பு முறிவுச் சிகிச்சைப் பிரிவும் உண்டு. சாலை விபத்தாயின், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். விழுந்து கை தூக்க முடியாமற்போன அன்றே, நீவுவதற்கு முன், அங்கே சென்று இரு கோணங்களில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும்படி கேளுங்கள். நாள் கடந்துவிட்டதென்று வெட்கி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.