பேய்ப்படமும் பிள்ளை மனமும்



13 வயதுப் பிள்ளை ஒன்று தாயிடம் வந்து, "அம்மா, வகுப்பில் எல்லாரும் அந்தப் பேய்ப்படத்தைப் பார்த்துவிட்டார்கள், நானும் பார்க்கட்டுமா?" என்று கேட்கின்றது. தாய் என்ன விடை கூறுவாள்? படத்துக்கு வழங்கப்பெற்ற வயதுச் சான்றிதழை நோக்கித் தீர்மானிப்பதே பலரின் வழக்கம். அச்சான்றிதழ் பயனுள்ளதே. ஆயினும், அது மட்டும் போதுமா என்பதை ஓர் உதாரணத்தின் வாயிலாக ஆராய்வோம்.

2012ஆம் ஆண்டில் 'த வுமன் இன் பிளாக்' என்னும் பேய்ப்படம் பிரித்தானியாவில் வெளிவந்தது. ஹரி பொட்டராக நடித்துச் சிறுவர் உள்ளங்களைக் கவர்ந்த டானியல் ராட்கிளிஃப் அதன் கதாநாயகர். அந்நாட்டின் திரைப்பட வகைப்படுத்தற் சபை, ஏறத்தாழ 6 விநாடிக் காட்சிகளை நீக்குவித்து, சில காட்சிகளை இருளாக்கி, சில ஒலிகளையும் தணிக்கச் செய்த பின்னரே '12ஏ' என்னும் சான்றிதழை வழங்கிற்று. 12 வயதுக்குக் குறைந்தோரும் பெரியவர் ஒருவருடன் சென்று பார்க்கலாம் என்பது அதன் பொருள். அவ்வாறிருந்தும், அவ்வாண்டில் அச்சபைக்கு மிகுதியான முறையீடுகள் வந்தது இப்படத்தைப் பற்றியே. அவற்றின் தொகை 134.

இத்தனைக்கும் அப்படத்தில் இரத்தம் மிகக் குறைவு. பின்னர் அச்சம் எங்கிருந்து வந்தது? தனித்த வீடு, நெடிய மௌனம், அதனைக் கிழித்தெழும் ஓசை, எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தைகள் ஒருவர்பின் ஒருவராக மாளும் கதை. ஆகவே, சிந்தும் இரத்தத்தைக் கொண்டு அச்சத்தை அளத்தல் இயலாது.

அங்ஙனமாயின் எதனைக் கொண்டு அளப்பது? துன்புறுவோர்பால் படம் நம்மை இரங்கச் செய்கின்றதா, அன்றி அவர் வதைபடுவதையே வேடிக்கையாக்குகின்றதா? முடிவில் மனத்துக்கு ஆறுதல் உண்டா, அன்றித் தீமையே வென்று நிற்கின்றதா? இவற்றை முதலில் நோக்குதல் வேண்டும்.

அடுத்து நோக்க வேண்டியது பிள்ளையை. சிறு குழந்தை கோர உருவத்துக்கு அஞ்சும். வளர்ந்த பிள்ளையோ, உண்மையில் நடக்கக்கூடியது என்று தோன்றுவதற்கே பெரிதும் அஞ்சும். அமெரிக்கப் பேராசிரியை ஜோஆன் கன்ரர் போன்றோரின் ஆய்வுகள் காட்டும் உண்மை இது. பல்லும் நகமும் கொண்ட பூதத்தைக் கண்டு நகைக்கும் பிள்ளை, நள்ளிரவில் வீட்டினுள் நுழையும் கொலைஞனைக் கண்டு பல இரவுகள் உறங்காதிருக்கக் கூடும். அண்மையில் குடும்பத்திலே ஒரு சாவைக் கண்ட பிள்ளைக்கு, பிறர் சிரித்துக்கொண்டு பார்க்கும் காட்சியும் தாங்கொணாததாகலாம். வயது ஒன்றாயினும் மனம் ஒன்றன்று. இதனை எந்தச் சபையும் அறியாது, பெற்றோரே அறிவர்.

"கூடாது" என்று ஒரே சொல்லில் மறுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். இன்று படம் படமாளிகையில் மட்டுமன்றிக் கைத்தொலைபேசியிலும் உண்டு. காரணம் கூறாத மறுப்பு, பிள்ளையைப் போர்வைக்குள் ஒளிந்து தனியே பார்க்கத் தூண்டும். அப்பொழுது அச்சம் இரட்டிப்பதோடு, அதனைச் சொல்லி ஆறவும் வழியிராது.

ஆதலின், படத்தை முதலில் நாம் பார்ப்போம். தகாதெனின், காரணத்தைப் பிள்ளைக்கு விளக்குவோம். தகுமெனின், பகற்பொழுதில் அருகிருந்து பார்ப்போம். இடையில் நிறுத்தவும், பின்னர் அதுபற்றிப் பேசவும் ஆயத்தமாயிருப்போம். "பயமாக இருக்கின்றது, நிறுத்துவோம்" என்று நாணமின்றிச் சொல்லக்கூடிய பிள்ளையே பேய்ப்படம் பார்க்கும் பக்குவம் பெற்ற பிள்ளை. அவ்வாறு சொல்லும்போது நகையாடாதிருத்தல் நம் கடமை.