தோலுக்கு அடியில் ஒரு வாசல்

உங்கள் அம்மாவுக்கோ மாமாவுக்கோ புற்றுநோய் என்று மருத்துவர் சொல்லியிருக்கலாம். “கீமோதெரபிக்கு முன்னால் போர்ட் வைக்க வேண்டுமாம்” என்று பெரியவர்கள் பேசுவது உங்கள் காதில் விழுந்திருக்கலாம். பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று அதற்குமேல் எதுவும் சொல்லாமல் விட்டிருப்பார்கள். நெஞ்சில் எதையோ வைத்துத் தைக்கப் போகிறார்கள் என்று பாதி மட்டும் தெரிவதுதான் அதிகப் பயம் தரும். மீதியையும் தெரிந்துகொள்ளுங்கள்.

போர்ட் என்பது ஒரு குட்டிக் கிண்ணம். ஒரு வெள்ளி நாணயத்தைவிடச் சற்றுப் பெரியது. உயரம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர். டைட்டேனியத்தாலோ கெட்டியான பிளாஸ்டிக்காலோ செய்யப்பட்டது. அதன் வாயைத் தடித்த சிலிக்கோன் மூடியிருக்கும். பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய குழாய் கிளம்பும். மின்கலம் கிடையாது, மோட்டாரும் கிடையாது.

கையிலேயே ஊசி போட்டால் என்ன? அந்த இரத்தக்குழாயை நாம் ‘நரம்பு’ என்கிறோம். ‘நரம்பு கிடைக்கவில்லை’ என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அறிவியல் பாடத்தில் அது சிரை. நரம்பு என்பது மூளையின் தகவலைக் கடத்தும் வேறொன்று. கையிலுள்ள சிரையில் நிமிடத்துக்கு 100 மில்லிலிட்டருக்கும் குறைவாகவே இரத்தம் ஓடுகிறது. இதயத்துக்குள் நுழையும் மேற்பெருஞ்சிரையிலோ நிமிடத்துக்குச் சுமார் 2 லிட்டர். ஒரு குவளைச் சாயத்தை வீட்டுக்குப் பக்கத்துக் கால்வாயில் ஊற்றினால் தண்ணீரின் நிறமே மாறிவிடும். பெரிய ஆற்றில் ஊற்றினால் சில நொடிகளில் கரைந்து போய்விடும். கீமோ மருந்துக்கும் அதே கணக்குதான். அதிலும் டாக்சோரூபிசின் போன்ற மருந்துகள் சிரையைவிட்டு வெளியே கசிந்தால் சுற்றியுள்ள சதையையே புண்ணாக்கிவிடும். மாதக்கணக்கில் இப்படி மருந்து ஏற்றினால் கைச் சிரைகள் தாங்காது. அதனால்தான் மருந்தைப் பெரிய சிரைக்கே நேராகக் கொண்டுபோகும் ஒரு வாசலை அமைக்கிறார்கள்.

போர்ட் வைக்கும் நாளில் சில மணி நேரம் சாப்பிடாமல் இருக்கச் சொல்வார்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, தூக்கக் கலக்கம் தரும் மருந்தும் கொடுப்பார்கள். மரக்கச் செய்யும் ஊசி எறும்பு கடித்ததுபோல் சுருக்கென்று இருக்கும். அதன் பிறகு அழுத்துவதும் இழுப்பதும் உணரப்படுமே தவிர வலி தெரியாது. மருத்துவர் அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்துக்கொண்டே கழுத்துச் சிரைக்குள் குழாயை நுழைக்கிறார். அதன் நுனி இதயத்தின் வாயிலருகே நிற்க வேண்டும். சரியாக நிற்கிறதா என்று எக்ஸ்ரே காட்டிவிடும். காரை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் சிறிய பை போல இடம் செய்து கிண்ணத்தை அதில் வைத்துத் தைப்பார்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புகிறார்கள். சில நாள்கள் வலியும் கன்றிப்போன நிறமும் இருக்கும். பாரம் தூக்கக் கூடாது; அந்த வேலை உங்களுடையது.

இனிதான் எனக்குப் பிடித்த பகுதி. ஒரு ரப்பரில் மறுபடி மறுபடி ஊசி குத்தினால் என்ன ஆகும்? சாதாரண ஊசியின் நுனி, மாவில் முறுக்குக் குழலை அழுத்துவதுபோல், ஒவ்வொரு முறையும் சிறு துணுக்கை வெட்டி எடுத்துவிடும், ஓட்டை விழும். போர்ட்டுக்குப் பயன்படும் ஊசியின் நுனி வளைந்திருக்கும். அது சிலிக்கோனை வெட்டாமல் விலக்கிக்கொண்டு உள்ளே போகிறது. வெளியே எடுத்ததும் சிலிக்கோன் தானாக மூடிக்கொள்கிறது. இப்படி ஆயிரம் முறைக்கு மேல் குத்தலாம். 1940களில் இந்த நுனியை வடிவமைத்தவர் அமெரிக்காவின் சியாட்டல் நகரைச் சேர்ந்த ரால்ஃப் ஹூபர். அவர் ஒரு பல் மருத்துவர்! முழுவதும் தோலுக்கடியில் வைக்கும் போர்ட் புழக்கத்துக்கு வந்ததோ 1980களின் தொடக்கத்தில்தான். ஊசி 40 ஆண்டுகள் முந்திக்கொண்டது.

ஒவ்வொரு சிகிச்சையின்போதும் தாதி தோலுக்கு மேலே தடவிப் பார்த்து ஊசியை ஏற்றுவார். முன்கூட்டியே மரக்கச் செய்யும் களிம்பு பூசிக்கொண்டால் வலி குறையும். குழாயைக் கழுவ உப்புநீர் செலுத்தும்போது சிலருக்கு நாக்கில் விநோதமான சுவை தெரியும். சிகிச்சை இல்லாத மாதங்களிலும் அடைப்பு ஏற்படாமலிருக்க மருத்துவர் குறிப்பிடும் இடைவெளியில் இப்படிக் கழுவ வேண்டும்.

ஒன்றை மட்டும் கவனமாகப் படியுங்கள். கீமோ மருந்து வெள்ளை இரத்த அணுக்களைக் குறைத்துவிடுகிறது. போர்ட்டின் குழாயோ நேராக இதயத்தருகே போகிறது. அதில் கிருமி புகுந்தால் உடல் முழுவதும் பரவ அதிக நேரம் ஆகாது. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, உடல் நடுங்கிக் குளிர் எடுத்தாலோ, பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் மருத்துவமனையை அழைக்க வேண்டும். போர்ட் இருக்கும் இடம் சிவந்து சீழ் வைத்தாலும், அந்தப் பக்கத்துக் கையோ கழுத்தோ வீங்கினாலும் அப்படியே. நோயாளிகள் “ஒன்றுமில்லை, படுத்தால் சரியாகிவிடும்” என்பார்கள். வெப்பமானியை எடுத்து வருபவர் நீங்களாக இருக்கலாம். மருத்துவமனை எண்ணை உங்கள் கைப்பேசியிலும் சேமித்து வையுங்கள்.

மற்றபடி, காயம் ஆறி, ஊசியும் குத்தியிராத நாள்களில் குளிக்கலாம், வேலைக்குப் போகலாம், மருத்துவர் சம்மதித்தால் நீந்தவும் செய்யலாம். ஒரு சிறு தொல்லை உண்டு. போர்ட்டைப் பெரும்பாலும் வலப்பக்கம் வைக்கிறார்கள்; அந்தப் பக்கச் சிரைதான் இதயத்துக்கு நேராகப் போகிறது. நம் ஊர் கார்களிலோ ஓட்டுநரின் இருக்கைவார் வலத் தோளின் மேல்தான் வருகிறது. புடைப்பின் மேல் உரசும். வாரில் ஒரு சின்ன மெத்தை உறையை மாட்டிவிட்டால் போதும். பழைய துண்டில் நீங்களே தைத்துக் கொடுக்கலாம்.

சிகிச்சை முடிந்து, இனி தேவையில்லை என்று மருத்துவர் சொன்னதும், இன்னொரு சிறு அறுவை சிகிச்சையில் போர்ட்டை எடுத்துவிடுவார்கள். காரை எலும்புக்குக் கீழே ஒரு சிறிய கோடு மட்டும் மிஞ்சும்.