வளர்ந்த ராஜபாளையம் வீட்டுக்கு வருகிறதா? முதலில் காதைப் பாருங்கள்!

உங்கள் வீட்டுக்கு ஒரு ராஜபாளையம் நாய் வரப் போகிறது. குட்டி இல்லை, நாலைந்து வயசான, இரண்டு அடிக்கு மேல் உயரமான, முழுசாக வளர்ந்த நாய். வளர்த்தவருக்கு வெளியூர் மாற்றலாகியிருக்கும். அல்லது வளர்த்த பெரியவர் காலமாகி, பிள்ளைகள் சென்னை ஃப்ளாட்டில் இருப்பார்கள். 'ஜாதி நாய் சார், காசே வேண்டாம், நல்லபடியா பார்த்துக்கிட்டா போதும்' என்கிறார்கள். உங்களுக்குச் சந்தோஷம். பிள்ளைகளுக்கு அதைவிடச் சந்தோஷம்!

கொஞ்சம் பொறுங்கள். ஒரு சின்னச் சோதனை செய்துவிட்டு அப்புறம் சந்தோஷப்படலாம்.

நாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அதற்குப் பின்னால் ஐந்தாறு அடி தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காது அசைகிறதா? தலை திரும்புகிறதா? அடுத்து கையைத் தட்டிப் பாருங்கள். காலால் தரையைத் தட்டக்கூடாது. அந்த அதிர்விலேயே திரும்பிவிடும். உங்கள் நிழலும் அதன் கண்ணில் படக்கூடாது. ஒரு தடவையோடு விடாமல், வெவ்வேறு நேரத்தில் நாலைந்து தடவை பாருங்கள்.

எதற்கு இந்த வேலை என்கிறீர்களா? ராஜபாளையத்தின் அழகே பால் வெள்ளை உடம்பும் ரோஸ் நிற மூக்கும்தானே. வில்லங்கமும் அந்த வெள்ளையில்தான் இருக்கிறது. தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்கள் உள்காதிலும் இருந்தால்தான் காது கேட்கும். நிறமில்லாத சில நாய்களுக்கு உள்காதில் அந்தச் செல்கள் இருப்பதில்லை. அதனால் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் சக்தி போய்விடுகிறது. சிலதுக்கு இரண்டு காது, சிலதுக்கு ஒரு காது. வெளிநாட்டு டால்மேஷன் நாய்க்கும் இதே சங்கடம் உண்டு. பிறவிக் கோளாறு என்பதால் மருந்து கிடையாது. எல்லா ராஜபாளையமும் செவிடு என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் சில நாய்கள் செவிடு. வெளியே பார்த்தால் தெரியாது.

2005-ல் தபால் தலையில் இடம் பிடித்த நாய் இது. 2020 ஆகஸ்டில் பிரதமர் மோடி வானொலியில் நம் நாட்டு நாய்களைப் பற்றிப் பேசியபோது இதன் பெயரையும் சொன்னார். பெருமைதான். ஆனால் பெருமைக்காக வாங்குகிறவர்களில் எத்தனை பேர் காதைச் சோதிக்கிறார்கள், சொல்லுங்கள்?

'கூப்பிட்டா வராது, திமிர் பிடிச்ச நாய்' என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறார்களே, அந்தத் திமிருக்குக் காரணம் காதாக இருக்கலாம். 'சும்மா படுத்திருந்தது, திடீர்னு பிள்ளையைக் கடிச்சிடுச்சு' என்பதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். நீங்களே யோசித்துப் பாருங்கள். காது கேட்காத நாய் அசந்து தூங்குகிறது. குழந்தை பின்னால் வந்து முதுகில் கை வைக்கிறது. யார், என்ன என்று தெரிவதற்குள் பதறிப்போய்ப் பல் பட்டுவிடுகிறது. இதில் நாயின் குற்றம் என்ன இருக்கிறது?

அப்படியானால் செவிட்டு நாயே வேண்டாமா? தவழும் குழந்தையும், சொன்னால் புரியாத வயசுப் பிள்ளையும் இருக்கிற வீட்டுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். மற்ற வீடுகளில் தாராளமாக வளர்க்கலாம். வா, உட்கார், போதும் என்பதையெல்லாம் கை ஜாடையில் பழக்கினால் இரண்டே வாரத்தில் பிடித்துக்கொள்ளும். எழுப்ப வேண்டுமா? எட்ட நின்று தரையை மெதுவாகத் தட்டுங்கள். தெருவில் மட்டும் அவிழ்த்து விடவே கூடாது. மதுரை - தென்காசி ரோட்டில் லாரிக்காரர் ஹாரன் அடித்து என்ன பிரயோஜனம்!

முதல் பதினைந்து நாள்

ராஜபாளையம் பொதுவாக ஒருவரிடம் ஒட்டிக்கொள்ளும் நாய். அந்த ஒருவரை விட்டு உங்களிடம் வந்திருக்கிறது. ஓரிரு நாள் சாப்பிடாமல் வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கலாம். பயப்படாதீர்கள். தண்ணீர் மட்டும் குடிக்கிறதா என்று கவனியுங்கள். தண்ணீரும் குடிக்காவிட்டாலோ, மூன்றாம் நாளும் சாப்பிடாவிட்டாலோ டாக்டரிடம் போய்விட வேண்டும். மிரட்சி தெளிய மூன்று நாள், வீட்டு நடைமுறை பழக மூன்று வாரம், 'இது என் வீடு' என்று உரிமையோடு இருக்க மூன்று மாசம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். முன்னே பின்னே இருந்தாலும் நல்ல கணக்குதான்.

பழைய வீட்டுத் தட்டையும் படுத்த சாக்கையும் கேட்டு வாங்கி வாருங்கள். எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வந்த அன்றைக்கே அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்சி வைக்காதீர்கள். கட்டிப்பிடிப்பது, கண்ணுக்குக் கண் முறைத்துப் பார்ப்பது எல்லாம் நமக்குத்தான் அன்பு. புது நாய்க்கு அது சண்டைக்கு அழைப்பு! பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்: நாய்தான் உங்களிடம் வரவேண்டும், நீங்கள் அதனிடம் போகக்கூடாது. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கிட்டேயே போகக்கூடாது.

நாள் பூராவும் சங்கிலியில் கட்டிப்போடுவது பெரிய தப்பு. காட்டுப்பன்றியைத் துரத்திய பரம்பரை இது. காலையிலும் மாலையிலும் கயிற்றோடு நன்றாக நடத்திக் கூட்டிப் போங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் செண்பகத்தோப்புப் பக்கம் போனால் அவிழ்த்து விட்டுவிடாதீர்கள். 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக ஆன காடு அது. 2021 முதல் புலிகள் காப்பகம். நாய் ஒரு மானைத் துரத்தினாலும் வழக்கு உங்கள் மேல்தான்.

சாப்பாட்டைத் திடீரென்று மாற்றினால் பேதியாகும். பழையதில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதைக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றுங்கள். சோறு, வேகவைத்த முட்டை, எலும்பில்லாத கறி, கொஞ்சம் காய் போதும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகாது. வெந்த எலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் குத்தும். பால்கோவா ஊராச்சே, பாசத்தில் ஒரு உருண்டை போடலாமா என்று கேட்பீர்கள். வேண்டவே வேண்டாம்! வளர்ந்த நாய்க்குப் பாலே சரியாகச் செரிக்காது; சர்க்கரை வேறு. இதன் உடல்வாகே ஒல்லிதான், 'இளைச்சிருக்கே' என்று திணிக்காதீர்கள். ஆழமான நெஞ்சுக்கூடு உள்ள நாய் என்பதால் வயிறு முட்டச் சாப்பிட்டு ஓடினால் இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. இரண்டு வேளையாகப் பிரித்துப் போட்டு, சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் ஓடவிடாதீர்கள். வயிறு உப்பி, வாந்தி வராமல் குமட்டிக்கொண்டே இருந்தால் அன்றிரவே டாக்டரிடம் ஓடுங்கள். விடியட்டும் என்று இருந்தால் பிழைக்காது.

ஊசி விஷயத்தில் தாட்சண்யம் கூடாது

நமக்கு உடம்புக்கு வந்தால் மடவார் வளாகம் வைத்தியநாதரிடம் வேண்டிக்கொள்கிறோம். டாக்டரிடமும் போகிறோம் இல்லையா? நாய்க்கும் அப்படித்தான். 'எல்லா ஊசியும் போட்டாச்சு' என்று வாயால் சொல்வதை நம்பாதீர்கள். தேதி போட்ட அட்டை இல்லாவிட்டால், போடவில்லை என்றே வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனையில் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைப் போட்டுவிடுங்கள். வருஷா வருஷம் அது தொடர வேண்டும். எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்து ஊசி உண்டு. அந்தக் கிருமி நாயின் சிறுநீர் வழியாக நமக்கும் வரும் என்பதால் விட்டுவிடாதீர்கள். அப்படியே குடற்புழு மருந்து. காதுமடல், விரலிடுக்கு எல்லாம் உண்ணி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஈறு வெளுத்து, காய்ச்சலும் மூக்கில் ரத்தமும் வந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம்.

இத்தனைக்கும் மேல் பல் பட்டுவிட்டால்? காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் அப்பக்கூடாது. உடனே அரசு ஆஸ்பத்திரி. தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசியெல்லாம் பழங்கதை. அந்த வகை மருந்து 2004-ஓடு நின்றுவிட்டது. இப்போது கையில்தான் ஊசி. முதல் நாள், பிறகு 3, 7, 28-ம் நாள். ரத்தம் வந்த காயமென்றால் காயத்திலேயே போடுகிற இன்னொரு மருந்தும் உண்டு. அதைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். 'நம்ம வீட்டு நாய்தானே, பத்து நாள் பார்ப்போம்' என்று ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். நாயைப் பத்து நாள் கவனிக்க வேண்டியதுதான், ஆனால் ஊசியை ஆரம்பித்துவிட்டு! ரேபிஸ் அறிகுறி வந்தபின் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம்.

கடைசியாக ஒன்று. தீபாவளியை ஒட்டிப் புது நாயைக் கூட்டி வராதீர்கள். சிவகாசிக்குப் பக்கத்து ஊர் நாயாக இருந்தால் மட்டும் வெடிச்சத்தம் பழகிவிடுமா என்ன? மிரண்டு சுவரேறிக் குதித்தால் புது வீட்டுக்குத் திரும்பி வர வழி தெரியாது. பண்டிகை முடிந்து ஒரு வாரம் போகட்டும். கழுத்துப்பட்டையில் உங்கள் ஃபோன் நம்பரை எழுதி மாட்டியபின் கூட்டி வாருங்கள்.