பண்டப் போக்குவரத்தில் எரிபொருட் சிக்கனம்
மாத்தளை மாவட்டத்தை முன்வைத்து ஒரு நோக்கு

விளைபொருள் விளைந்த இடத்திலேயே உண்ணப்படுவதில்லை. வயலுக்கும் அடுப்புக்கும் இடையேயுள்ள தூரத்தை அது கடந்தாதல் வேண்டும். அங்ஙனம் கடப்பதற்கு ஆற்றல் வேண்டும். முற்காலத்தில் அவ்வாற்றலை எருதுகள் அளித்தன. புல்லும் வைக்கோலுமே அவற்றின் எரிபொருளாயிருந்தன. இக்காலத்தில் அதனை அளிப்பது டீசல். இஃது இந்நாட்டு மண்ணில் எடுக்கப்படுவதன்று. அந்நியச் செலாவணி கொடுத்துக் கடல் கடந்து பெறப்படுவது.

இதன் அருமையை நாட்டு மக்கள் உணர்ந்த ஆண்டு 2022 ஆகும். 2021 டிசெம்பரில் லீற்றர் 121 ரூபாவாயிருந்த டீசல், 2022 யூன் மாத இறுதியில் 460 ரூபாவாயிற்று. அவ்விலை கொடுக்க இசைந்தோரும் நாட்கணக்காக வரிசையிற் காத்து நின்றனர். பின்னர் வாகனம் ஒவ்வொன்றுக்கும் வாரந்தோறும் அளந்து கொடுக்கும் பங்கீட்டு முறை ஏற்பட்டு, 2023 செப்டெம்பர் முதலாந் திகதியன்றே நீங்கியது. லொறி ஓடாவிடின் தோட்டத்திற் காய் முற்றும். நகரத்தில் உலை வெறிதாகும். ஆதலின் எரிபொருட் சிக்கனம் என்பது பொறியியல் வல்லுநர்க்கு மாத்திரம் உரிய ஆராய்ச்சியன்று. பயிரிடுவோரும் உண்போரும் ஒருங்கே கருதத்தக்க பொருளாகும்.

இதனை ஆராய்தற்கு மாத்தளை மாவட்டத்தினும் பொருத்தமான இடம் காண்டல் அரிது. தெற்கே மலைகளும் தேயிலை, மிளகு, கொக்கோத் தோட்டங்களும். வடக்கே நாவுலையும் தம்புள்ளையும் சார்ந்த வறண்ட சமவெளி. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருவீதி இவ்விரண்டையும் ஊடறுத்துச் செல்கின்றது. மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர் காடுகளைக் கடந்து கால்நடையாகத் தோட்டங்களை அடைந்ததும் தம்புள்ளை, மாத்தளை வழியாகவே.

கோப்பிக் காலத்தில் மலைநாட்டு விளைவு மாட்டு வண்டிகளில் ஏறியே துறைமுகம் சென்றது. பயணம் பல நாட்களை விழுங்கிற்று. மழைக்காலத்தில் வண்டிகள் சேற்றிற் புதைந்தன. 1867இல் புகையிரதப் பாதை கண்டியை எட்டியது. 1880இல் அதன் கிளை மாத்தளையை அடைந்தது. ஆயின், 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் அதற்குள் கோப்பித் தோட்டங்களை அரித்துக் கொண்டிருந்தது. கோப்பியை நம்பிய காலத்திற் கருக்கொண்ட பாதை, கொக்கோவையும் தேயிலையையும் சுமப்பதாயிற்று.

புகையிரதத்தின் சிறப்பு யாதெனின், இரும்புத் தண்டவாளத்தின்மேல் இரும்புச் சில்லு உருளும்போது எழும் தடை மிகச் சிறிது என்பதாம். தார் வீதியில் உருளும் இறப்பர்ச் சில்லு ஏறத்தாழ ஐந்து மடங்கு தடையை எதிர்கொள்கின்றது. எனினும் கிளைப்பாதை மாத்தளையோடு நின்றுவிட்டது. 1999இல் திறக்கப்பட்ட தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம், நாட்டின் பெருமரக்கறிச் சந்தைகளுள் ஒன்றாக வளர்ந்தது அதற்கு வடக்கே நாற்பது கிலோமீற்றருக்கு அப்பால். மலைநாட்டுக் கரட்டும் லீக்சும் அங்கு இறங்குகின்றன. சமவெளியின் வட்டக்காயும் வெங்காயமும் அங்கிருந்து ஏறுகின்றன. தண்டவாளம் எட்டாத சந்தையாதலின் சுமை முழுவதும் லொறியின் முதுகிலேயே வீழ்கின்றது. ஆதலின் லொறியிலே சிக்கனம் காணும் வழியை நோக்குதல் வேண்டும்.

லொறி குடிக்கும் டீசல் எங்கே செல்கின்றது? ஒரு லீற்றர் டீசலில் அடங்கிய ஆற்றலிற் பெரும்பகுதி வெப்பமாகக் கழிய, ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே சில்லுகளை அடைகின்றது. அப்பங்கும் மூன்று தடைகளை வெல்லச் செலவாகின்றது. முதலாவது, சில்லின் உருளற்றடை. காற்றுக் குறைந்த ரயர் நசுங்கி நசுங்கி உருள்வதால் இத்தடை கூடுகின்றது. இரண்டாவது, காற்றின் தடை. இது வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்வது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகம் 80 ஆகும்போது முக்காற் பங்கிற்கு மேல் மிகுகின்றது. மூன்றாவது, ஏற்றம். பாரத்தோடு 10 தொன் நிறையுள்ள லொறி தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு ஏறத்தாழ 200 மீற்றர் உயர வேண்டும். இவ்வுயர்ச்சிக்கு மாத்திரம் ஏறக்குறைய ஒன்றரை லீற்றர் டீசல் வேண்டும் என்பதைக் கணக்கிட்டறியலாம்.

ஏற்றத்திற் செலவிட்ட ஆற்றல் இறக்கத்தில் மீளுமே எனலாம். பிறேக்கை அழுத்துந்தோறும் அது வெப்பமாய் வீணாகின்றது. இறக்கத்தில் கியரை நீக்கி ஓடவிட்டால் எரிபொருள் மிஞ்சும் என்பது சாரதிகள் சிலரிடையே நிலவும் எண்ணம். இஃது இருவகையிலும் தவறு. இக்காலத்து இயந்திரங்கள் கியரில் இருந்தவாறு இறங்கும்போது எரிபொருட் பாய்ச்சலைத் தாமே நிறுத்திக் கொள்கின்றன. கியர் நீங்கினாலோ, இயந்திரத்தை அணையாது வைப்பதற்குச் சிறிது டீசல் எரிந்துகொண்டேயிருக்கும். அன்றியும், இயந்திரத்தின் பிடிப்பு அற்ற லொறியைப் பிறேக்கு ஒன்றே தாங்கவேண்டியதாகி, மலைவீதியில் அஃது உயிருக்கு இறுதியாதலும் உண்டு. ரயரின் காற்றைப் பார்த்தல், காற்று வடியைத் துப்புரவாக வைத்தல், முன்னே நோக்கிச் சீராக ஓட்டுதல், காத்திருக்கையில் இயந்திரத்தை நிறுத்துதல் என்பனவே செலவின்றிக் கைகூடும் சிக்கனங்கள்.

இவையெல்லாம் வேண்டியனவே. ஆயினும் ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று கேட்பதோடு ஆராய்ச்சி நின்றுவிடலாகாது. உண்பவர் கையை அடைந்த ஒரு தொன்னுக்கு எத்தனை லீற்றர் என்பதே முறையான வினா. உதாரணமாக, 5 தொன் மரக்கறியோடு தம்புள்ளையிலிருந்து 150 கிலோமீற்றர் தூரத்திலுள்ள கொழும்புக்குச் சென்று வெறுமனே மீளும் லொறி ஒன்றைக் கொள்வோம். செல்கையில் லீற்றருக்கு 4 கிலோமீற்றரும், மீள்கையில் 6 கிலோமீற்றரும் ஓடுமாயின் மொத்தச் செலவு 62.5 லீற்றர், தொன்னுக்கு 12.5 லீற்றர். ஆனால் இலங்கையில் மரக்கறி, பழங்களில் 30 முதல் 40 வீதம் வரை வீணாகின்றன என்பது நெடுங்காலமாக எடுத்துரைக்கப்படும் மதிப்பீடு. 30 வீதம் அழுகிற்று எனின், சேர்ந்தது மூன்றரைத் தொன்னே. தொன்னுக்குச் செலவு ஏறத்தாழ 18 லீற்றர்.

இனி, சாரதியின் திறமையால் பத்திலொரு பங்கு டீசல் மிஞ்சினால் இச்செலவு 16 லீற்றராகும். அழிவு 30 வீதத்திலிருந்து 10 வீதமாகக் குறையுமாயின் 14 லீற்றராகும். மீளும்போது வேறு பண்டம் ஏற்றி, அப்பயணச் செலவை அப்பண்டத்தின் கணக்கிற் சேர்த்தாலோ, அழிவு குறையாதவிடத்தும் மரக்கறியின் பங்கு 11 லீற்றருக்குள் அடங்கும். சாக்கிற் கட்டும் கயிறும், சந்தையில் மீள்சுமையைத் தேடும் தொலைபேசியும் இயந்திரத்தைப் போலவே எரிபொருட் சிக்கனத்தின் கருவிகளாதல் இதனாற் புலனாகும்.

2011ஆம் ஆண்டின் இறுதியில், மரக்கறியைச் சாக்கில் அடையாது பிளாஸ்ரிக் கூடைகளிலேயே ஏற்றவேண்டும் என்று அரசாங்கம் விதித்தபோது, தம்புள்ளை வியாபாரிகள் எதிர்த்தெழுந்தனர். கூடை இடத்தை அடைக்கும், சுமை குறையும், வெறுங்கூடை திரும்பவேண்டும் என்பன அத்தகைய முறைக்கு எதிராகக் கூறத்தக்க நியாயங்கள். இவை முற்றும் பொய்யல்ல. கூடையால் 5 தொன் ஏறிய இடத்தில் 4 தொன்னே ஏறுமாயின், அழிவு 10 வீதமாகக் குறைந்தும் சேர்வது 3.6 தொன், டீசற் கணக்கு முன்னையதோடு ஏறக்குறையச் சமமாகும். ஆனால் முன்னையதில் ஒன்றரைத் தொன் விளைவு குப்பையாயிற்று; பின்னையதில் 400 கிலோகிராமே வீணாயிற்று. அவ்வேறுபாட்டில் அடங்கிய நீரும் உரமும் உழவர் வியர்வையும் டீசற் கணக்கில் இடம்பெறுவதில்லை. கூடையின் ஆதாயம் உழவர்க்கும் உண்பவர்க்கும், செலவு லொறிக்காரர்க்கும் என்று பிரிந்தமையே சிக்கலின் வேர். ஆதாயத்தைப் பெறுவோர் செலவிலும் பங்கேற்கும் ஏற்பாடின்றி எவ்விதியும் நிலைபெறாது. 2025 ஏப்பிரல் மாதத்தில், இந்திய உதவியுடன் தம்புள்ளையில் 5,000 தொன் கொள்ளும் வெப்பநிலை காக்கும் களஞ்சியம் திறக்கப்பட்டமை அழிவைத் தடுக்கும் மற்றொரு முயற்சியாகும். விலை வீழ்ந்த நாளில் அவசரமாக லொறி தேடாது காத்திருக்கும் வாய்ப்பை அத்தகைய களஞ்சியம் உழவர்க்கு அளித்தல் கூடும்.

புகைப் பகுதியும் இக்கணக்கோடு இணைந்ததே. ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.6 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியாகும். மேற்கூறிய ஒரு பயணத்தில் 160 கிலோகிராமுக்கு மேல் வளியிற் கலக்கின்றது. கரும்புகையோ, எரியாது கழிந்த எரிபொருளின் அடையாளம். வீதியோரத்துக் குடிகளின் நெஞ்சுக்கும் கேடு. வாகனப் புகைப் பரிசோதனை 2008 முதல் நடைமுறைக்கு வந்தபோதிலும், பரிசோதனை நாளுக்காக மாத்திரம் இயந்திரத்தைச் செப்பஞ் செய்வதாற் பயனில்லை. அழுகிக் குவியும் மரக்கறியும் மீதேன் வாயுவை உமிழ்கின்றது. ஆகவே அழிந்த காய் இருமுறை வளியைக் கெடுக்கின்றது: சுமக்கப்பட்டபோது ஒருமுறை, அழுகும்போது மறுமுறை.

லொறியின் இயந்திரம் திருந்துதல் வேண்டும். அதனினும் முன்னதாக, லொறியில் ஏற்றும் முறையும் இறக்கும் முறையும் வெறுவண்டி மீளும் வழக்கமும் திருந்துதல் வேண்டும். இவற்றுட் பெரும்பாலானவற்றுக்குப் புதிய விஞ்ஞானம் எதுவும் வேண்டியதில்லை. எளிய பெருக்கல் வகுத்தலும், ஒருவர் இலாபத்தை மற்றவர் நட்டமாக்காத ஒழுங்குமே போதுமானவை. கப்பலேறி வந்த ஒவ்வொரு துளி டீசலும் ஒரு பிடி உணவை ஒருவர் இலையிற் சேர்த்ததா என்று கேட்டறியும் நாடே அடுத்த பஞ்சத்தை அஞ்சாது எதிர்கொள்ளும்.